கம்பளையில் எந்தப் பக்கம் திருப்புவது? நுவரெலியாவுக்கு ஏறும் இரண்டு பாதைகள்

யாழ்ப்பாணத்திலிருந்து மலைநாடு பார்க்கப் போகிற வான்களில் முக்கால்வாசி ஒரே வழியால்தான் ஏறுகின்றன: கண்டி, கம்பளை, புசல்லாவை, றம்பொடை, நுவரெலியா. பின்னேரம் அதே வழியாலேயே இறங்கியும் விடுகின்றன. கம்பளையில் மற்றப் பக்கம் திருப்பினால் நாவலப்பிட்டி, கினிகத்தேனை, அற்றன், தலவாக்கலை, நானுஓயா என்று இன்னொரு பாதை அதே நுவரெலியாவுக்குத்தான் கொண்டுபோய் விடும் என்பது பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் "அது சுத்து" என்று சொல்லித் தட்டிக்கழித்து விடுவார்கள்.

சுத்துத்தான், மறுக்கவில்லை. கண்டியிலிருந்து றம்பொடை வழியாக நுவரெலியா ஏறத்தாழ 77 கிலோமீற்றர். அற்றன் வழியாகப் போனால் 110 கிலோமீற்றருக்கு மேல் வரும். மலைப்பாதையில் மணிக்கு முப்பது கிலோமீற்றர் ஓடினாலே நல்ல ஓட்டம். ஆகவே ஒரு மணித்தியாலமாவது கூடுதலாகப் போகும். அந்த ஒரு மணித்தியாலத்துக்கு என்ன கிடைக்கிறது என்பதுதான் கேள்வி.

இரண்டுக்கும் பொதுவான ஒன்றை முதலில் சொல்லிவிட வேண்டும். இரவு ஒன்பது மணிக்கு யாழ்ப்பாணத்தில் வானை எடுத்து, ஏ9 வீதியில் முன்னூறு கிலோமீற்றருக்கு மேல் ஓடி, விடியக் கண்டியில் முகம் கழுவிவிட்டு அப்படியே மலை ஏறுவது நம்மவர்களின் வழக்கம். ஒரு நாள் அறை வாடகை மிச்சம் என்ற கணக்கு. இரவு முழுக்க ஸ்டியரிங் பிடித்த மனிதனைக் கொண்டு கொண்டை ஊசி வளைவுகளில் ஓட வைப்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கண்டியிலோ மாத்தளையிலோ ஓர் இரவு படுத்து எழும்பி, காலை ஐந்தரைக்குப் புறப்படுங்கள். கீழே எழுதுவதெல்லாம் அப்படிப் புறப்படுகிறவர்களுக்கு.

முதலில் றம்பொடைப் பாதை. இதன் பலமே வேகமாகக் காட்சி மாறுவதுதான். கம்பளையிலிருந்து ஐம்பது சொச்சம் கிலோமீற்றருக்குள் ஆயிரத்து முன்னூறு மீற்றருக்கு மேல் ஏறி விடுகிறோம். நுவரெலியா நகரம் 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு ஏற்றம் என்றால் பாலம்தான். அந்தப் பிள்ளைக்குக் காது அடைப்பதும், ஜன்னலைத் திறந்ததும் குளிர் முகத்தில் அறைவதும் இந்தப் பாதையில் ஒரு காலை நேரத்துக்குள் நடந்து முடிந்துவிடும். புசல்லாவை தாண்டியதும் பள்ளத்தில் கொத்மலை நீர்த்தேக்கம் தெரியத் தொடங்கும். மகாவலித் திட்டத்தில் 1985இல் நிறைவான அணை அது. தண்ணீருக்குள் பழைய ஊர்கள் கிடக்கின்றன. கடும் வரட்சியில் நீர் வற்றினால் மூழ்கிப்போன கடதொர விகாரையின் மிச்சங்கள் வெளியே தெரியும்.

அந்த நீர்த்தேக்கத்தை நன்றாகப் பார்ப்பதற்கு றம்பொடையில் சின்மயா மிஷன் கட்டிய அனுமான் கோயில்தான் இடம். கும்பிட வருகிறவர்கள் பாதி, காட்சி பார்க்க வருகிறவர்கள் பாதி. எட்டு மணிக்கு முன்பு அங்கே நின்றால் மலைமடிப்புகள் ஒவ்வொன்றாகத் தெளிந்து வருவதைக் காணலாம். பின்னேரம் போனால் பெரும்பாலும் முகில்தான் மிச்சம். அதைக் கடந்தால் றம்பொடை அருவி, 109 மீற்றர். வீதிக்கு மேலேயும் கீழேயும் பிரிந்து விழுகிறது. பக்கத்திலேயே 225 மீற்றர் நீளச் சுரங்கப்பாதை. வான் உள்ளே நுழைந்ததும் பின் சீற்றில் இருக்கிற பிள்ளைகள் கூவாமல் விடமாட்டார்கள், சாரதியும் ஹோர்ன் அடிக்காமல் விடமாட்டார்.

அப்புறம் லபுக்கலை. முன்பு மெக்வூட்ஸ் என்று பெரிய எழுத்தில் மலையில் தெரிந்த தோட்டம், இப்போது டம்ரோ நிறுவனத்தின் கையில். தொழிற்சாலையைச் சுற்றிப் பார்த்து, தேநீரும் சொக்லேட் கேக்கும் சாப்பிட்டு வரலாம். உண்மையைச் சொன்னால், நம் பெண்கள் இந்த இடத்தை நினைவில் வைத்திருப்பது சுத்தமான கழிப்பறைக்காக. அதுவும் ஒரு பயணத்தில் சின்ன விசயம் இல்லை. இதே ஏற்றத்தில்தான் பூ விற்கிற பையன்களையும் காணலாம். ஒரு வளைவில் பூங்கொத்தை நீட்டுவான். வாங்காமல் போனால் வான் வளைந்து வருவதற்குள் தேயிலைச் செடிகளுக்கிடையே குறுக்கால் ஓடி அடுத்த வளைவில் நிற்பான். மூன்றாவது வளைவிலும் அதே பையன், அதே பூ, மூச்சிரைப்பு மட்டும் கூட. வேடிக்கையாகத்தான் இருக்கும். வெறுங்காலோடு ஓடுகிற பிள்ளை பள்ளிக்கூட நேரத்தில் இங்கே என்ன செய்கிறது என்று யோசித்தால் சிரிப்பு நின்றுவிடும்.

குறை என்ன என்றால், இந்தப் பாதையில் நிற்கிற இடம் எல்லாம் பயணிகளுக்காகவே வைத்த இடங்கள். கோயில், அருவி, தேயிலைக் கடை, மரக்கறித் தட்டி. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் லொறியில் வந்து இறங்குகிற கரட்டையும் லீக்ஸையும் மண்ணோடு பார்த்து, விலை கேட்டு, "ஊரிலேயே வாங்கலாம்" என்று சொல்லிவிட்டுப் பிறகு வாங்கியும் வருவோம். இங்கே வாழ்கிற மனிதரோடு பேச வாய்ப்புக் குறைவு.

அற்றன் பாதை அப்படி இல்லை. அது ஊர்களுக்குள்ளால் போகிற பாதை. ரயில்பாதையும் இடைக்கிடை கூடவே வரும். கினிகத்தேனையில் அவிசாவளையிலிருந்து வருகிற ஏ7 வீதியில் ஏறி, வட்டவளை தாண்டினால் அற்றன். கடல் மட்டத்துக்கு ஆயிரத்து இருநூறு மீற்றருக்கு மேலே ஒரு முழுத் தமிழ்ச் சந்தை. பெயர்ப்பலகை, கடைப்பேச்சு, மாணிக்கப்பிள்ளையார் கோயில் மணி எல்லாம் நமக்குத் தெரிந்த மொழியில், ஆனால் வேறு ராகத்தில். வெள்ளிக்கிழமையில் மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவர்களுக்குச் சாப்பாட்டுக் கவலையே இல்லை. சைவக்கடைகள் இருக்கின்றன.

எங்கள் பழைய தலைமுறையில் மலையகத்தில் ஆசிரியராகவும், தோட்டத்துக் கந்தோரில் கிளாக்கராகவும் இருந்தவர்கள் ஏராளம். அப்படி ஒருவர் வானில் இருந்தால் விவாதத்துக்கே இடமில்லை, அற்றன் பக்கம் திருப்புங்கள். என் பெரியப்பா கொட்டகலைப் பக்கம் படிப்பித்தவர். அங்கே ஒரு தேத்தண்ணிக் கடையில் அவர் "தம்பி, சீனி குறைச்சு ஒரு பிளேன்ரீ" என்ற ஒரு வாக்கியத்திலேயே கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். "ஐயா யாழ்ப்பாணங்களா? எங்க சார் ஒருத்தரும் யாழ்ப்பாணந்தாங்க." அதற்குப் பிறகு பெரியப்பாவை வானில் ஏற்ற அரை மணித்தியாலம் பிடித்தது. யார் செத்தார், யார் கிளிநொச்சிக்குப் போய்க் காணி எடுத்தார், எந்தப் பள்ளிக்கூடத்துக்கு மாடி கட்டினார்கள் என்று பேச்சு நீண்டது. கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் குடியேறிய மலையகக் குடும்பங்களோடு ஒன்றாகப் படித்த நமக்கு, அவர்களின் வேர் இருக்கிற இடத்தைப் பார்க்க றம்பொடைப் பாதையை விட இது நேர்மையான வழி. தோட்டத் தொழிலாளர் வாழ்கிற வரிசை வீடுகளான லயன் காம்பராக்கள் வீதி ஓரத்திலேயே இருக்கின்றன. காட்சிக்காக யாரும் மறைத்து வைக்கவில்லை.

அருவிக்கும் குறைவில்லை. கொட்டகலைக்கும் தலவாக்கலைக்கும் இடையில் டெவன் 97 மீற்றர், கொஞ்சம் தள்ளி சென் கிளையர் 80 மீற்றர். இரண்டையும் வீதியில் நின்றபடியே, எதிர்மலையில் முழு உருவமாகப் பார்க்கலாம். றம்பொடையில் அருவிக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்க்கிறோம், இங்கே எதிரே நின்று பார்க்கிறோம். படத்துக்கு இதுதான் நல்லது. ஆனால் சென் கிளையர் பழைய சென் கிளையர் இல்லை. 2012இல் இயங்கத் தொடங்கிய 150 மெகாவாற் மேல் கொத்மலை நீர்மின் திட்டத்துக்காகத் தலவாக்கலையில் ஆற்றை மறித்துச் சுரங்கத்தால் திருப்பி விட்டார்கள். ஒரு பங்கு தண்ணீர்தான் அருவிக்கு. வரட்சிக் காலத்தில் போனால் ஏமாற்றம்தான். டெவன் வேறு ஓடையில் விழுவதால் அதற்கு அந்தக் கேடு இல்லை.

எந்த மாதம் போகிறீர்கள் என்பதையும் பார்க்க வேண்டும். தென்மேற்குப் பருவமழை மே தொடக்கம் செப்ரெம்பர் வரை மேற்குச் சரிவில்தான் கொட்டும். நாட்டிலேயே மழை மிக அதிகமாகப் பெய்யும் இடங்களில் ஒன்று வட்டவளை. ஆவணி விடுமுறையில் அந்தப் பக்கம் போனால் அருவிகள் கொழுத்திருக்கும், வானின் வைப்பர் ஓய்வெடுக்காது. மார்கழிப் பௌர்ணமி தொடக்கம் வைகாசிப் பௌர்ணமி வரை சிவனொளிபாதமலைப் பருவம். அந்தக் காலத்து வார இறுதிகளிலும் பௌர்ணமி விடுமுறையான போயா நாட்களிலும் அற்றன் நகரைக் கடப்பதே ஒரு வேலை. ஏப்ரலில் இரண்டு பாதையும் ஒன்றுதான். நுவரெலியா வசந்தகாலக் கூட்டத்தில் கிறகரி வாவியைச் சுற்றி வான் நிறுத்த இடம் கிடைக்காது.

இனி, எனக்கு முக்கியமானது பிறேக். நம் ஊர்ச் சாரதிமார் கெட்டிக்காரர், ஏ9இல் அவர்களை வெல்ல ஆள் இல்லை. ஆனால் யாழ்ப்பாணத்தில் வண்டியை நிற்பாட்ட மட்டுமே பிறேக் தேவைப்படும். மலையில் இறங்கும்போது அதை மிதித்துக்கொண்டே வந்தால் சூடேறி, மணம் வந்து, கடைசியில் பிடிக்காமல் போகும். ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும், இஞ்சினே வண்டியைப் பிடிக்க வேண்டும். லபுக்கலையிலிருந்து றம்பொடைக்கு இறங்குவது நீண்ட, விடாத சரிவு. 2025 மே மாதம் கொத்மலை கெரண்டிஎல்லவில் பஸ் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கு மேற்பட்டோர் இறந்தது இந்த வீதியில்தான். அற்றன் பக்கம் இறக்கம் படி படியாக வரும். நானுஓயா, தலவாக்கலை, கொட்டகலை என்று நடுவில் சமமான துண்டுகள் இருப்பதால் பிறேக்குக்கும் சாரதிக்கும் மூச்சு விட நேரம் கிடைக்கும்.

அதனால் என் தெரிவு இரண்டும்தான். விடிய றம்பொடையால் ஏறுங்கள், பின்னேரம் அற்றனால் இறங்குங்கள். காலைத் தெளிவு கொத்மலைக்கு வேண்டும், அற்றனுக்கு முகில் வந்தாலும் கடைகளும் மனிதரும் இருக்கிறார்கள். பத்து மணிக்கு நுவரெலியா, அங்கிருந்து சீதாஎலிய அம்மன் கோயில், அதைத் தாண்டி ஹக்கலைப் பூங்கா. கொய்னா மருந்துக்கான சிங்கோனா மரம் வளர்க்க 1861இல் தொடங்கியது அந்தப் பூங்கா. பகல் ஒன்றரைக்காவது நுவரெலியாவை விட்டுப் புறப்பட்டால் வெளிச்சத்திலேயே கினிகத்தேனையைக் கடந்துவிடலாம். ஒரு எச்சரிக்கை: நானுஓயாப் பக்கம் போன் வரைபடம் ரதெல்லக் குறுக்குவழியைக் காட்டும். செங்குத்தான அந்தத் துண்டில் 2023 ஜனவரியில் பஸ், வான், முச்சக்கர வண்டி மோதி ஏழு பேர் செத்தார்கள். பிரதான வீதியாலேயே போங்கள்.

வானில் கைக்குழந்தையும், முழங்கால் வலிக்கிற அம்மம்மாவும் இருந்தால் இந்தச் சுற்று வேண்டாம். றம்பொடையால் ஏறி, நுவரெலியாவில் இரவு தங்கி, அடுத்த நாள் மெல்ல இறங்கலாம். வாந்தி எடுக்கிறவர்களை முன் சீற்றில் இருத்தித் தேசிக்காய் ஒன்றைக் கையில் கொடுங்கள். காலையில் வயிறு முட்டப் புட்டுச் சாப்பிட விடாதீர்கள். பருத்தித்துறை வடை ஒரு போத்தல் போதும்.

"எல்லவுக்கும் போகலாமே" என்று ஒருவர் கட்டாயம் கேட்பார். ஒன்பது வளைவுப் பாலம், அப்புத்தளை, லிப்டன் இருக்கை எல்லாம் அருமையான இடங்கள்தான். கண்டியிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்ப நினைத்தால் பாலத்தை இருட்டில்தான் பார்ப்பீர்கள். அது பண்டாரவளையில் தங்கிச் செய்கிற வேறு பயணம்.

2025 நவம்பரில் டித்வா புயலோடு மலையகம் எங்கும் மண் சரிந்து, வீதிகள் பல இடங்களில் உடைந்தன. ஆகவே முதல் நாள் மாலை தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பாருங்கள், கண்டியில் தங்குகிற இடத்திலும் எந்த வீதி திறந்திருக்கிறது என்று கேளுங்கள். மஞ்சள் என்றால் கவனத்தோடு போகலாம். செம்மஞ்சளோ சிவப்போ என்றால் இரண்டு பாதையும் வேண்டாம். பேராதனைப் பூங்காவில் பாயை விரித்து, கட்டிக்கொண்டு வந்த சோற்றை அங்கேயே அவிழுங்கள்.