பிளாட்டரில் படம் பாதியில் நின்றால் போர்டை மாற்றச் சம்மதிக்காதீர்கள்

திருச்சியில் கட்டட வரைபடங்களை அச்சிட்டுக் கொடுக்கும் சிறிய கடை நடத்துகிறேன். பெரிய தாளில் வரைபடம் அச்சிடும் இயந்திரமான பிளாட்டர், அதுவும் 36 அங்குல ரோல் போடுவது, ஒன்றுதான் கடையின் மூலதனம். சென்ற மாதம் அதைப் பழுது பார்க்க வந்தவரிடம் 38,500 ரூபாயைத் தேவையின்றிக் கொடுத்து ஏமாந்தேன்.

எனக்கு இருந்தவை இரண்டு தொல்லைகள். ஏ1 அளவுப் படங்களில் வலது ஓரத்தின் பார்டர் கோடு எப்போதும் விழாமல் போனது. செயற்கைக்கோள் படத்தின் மேல் வரையப்பட்ட, அதைவிடப் பெரிய ஏ0 அளவு மனைப்பிரிவு வரைபடம் ஒன்று முக்கால் பங்கு வந்ததும் நின்று, மீதித் தாள் வெள்ளையாகவே வெளியே வந்து வெட்டுப்பட்டது. இரண்டையும் கேட்டவர், இயந்திரத்தின் மூடியைக்கூடத் திறக்காமல், "ஃபார்மேட்டர் போர்டு போய்விட்டது சார், விட்டால் ஹெட்டும் போய்விடும்" என்றார். வரும் கோப்பை அச்சுக்குத் தயாராக்கும் மின்பலகைதான் ஃபார்மேட்டர் போர்டு; மை தெளிக்கும் பாகம் ஹெட். படத்துக்காக இரண்டு பொறியாளர்கள் கடையிலேயே காத்திருந்த அவசரத்தில் தலையாட்டிவிட்டேன்.

மாலையில் ஒரு சாதாரணக் கோட்டுப் படத்தை முழுதாக எடுத்துக் காட்டி, பணத்தை வாங்கிக்கொண்டு, கம்பெனிக்கு அனுப்ப வேண்டும் என்று பழைய போர்டையும் எடுத்துச் சென்றார். உண்மையிலேயே மாற்றினாரா என்பதுகூட எனக்குத் தெரியாது. கையில் கிடைத்தது பெயரோ வரி எண்ணோ இல்லாத துண்டுச்சீட்டு. மறுநாள் காலை அதே மனைப்பிரிவுப் படம் அதே இடத்தில் நின்றது. தொலைபேசியில் கேட்டதற்கு, அது கம்ப்யூட்டர் கோளாறு, அதற்குத் தனிக் கட்டணம் என்று பதில் வந்தது.

தஞ்சாவூரில் இதே தொழில் செய்யும் நண்பர்தான், "அண்ணே, கம்ப்யூட்டரே இல்லாமல், இயந்திரத்தில் உள்ள பொத்தான் பேனலிலிருந்து அதற்குள்ளேயே இருக்கும் டெஸ்ட் பிரிண்டை எடுத்துப் பாருங்கள்" என்றார். எடுத்தேன், ஓரம் முதல் ஓரம் வரை முழுதாக வந்தது. ஹெட்டோ அது ஓடும் வண்டியோ பழுதாக இருந்தால் அந்தப் படமும் கெட்டிருக்கும். வந்தவர் முதலில் செய்திருக்க வேண்டிய சோதனை இதுதான். இரண்டு நிமிடம்கூட ஆகாது.

ஓரம் வெட்டுப்பட்டதற்குக் காரணம் அளவு. ஏ1 தாள் 594 × 841 மில்லிமீட்டர். பிளாட்டரோ ஒவ்வொரு ஓரத்திலும் ஏறத்தாழ 5 மில்லிமீட்டரை வெள்ளையாக விடுகிறது. வரைந்தவர் பார்டரைத் தாளின் விளிம்பை ஒட்டியே போட்டிருந்ததால், அது அந்த வெள்ளைப் பகுதிக்குள் மாட்டி மறைந்தது. ஓரத்தைப் படத்துக்கு வெளியே சேர்க்குமாறு, கம்ப்யூட்டரில் பிளாட்டரை இயக்கும் மென்பொருளான டிரைவரில் மாற்றினேன். ரோலின் அகலம் 914 மில்லிமீட்டர் என்பதால் இடம் தாராளமாக இருந்தது. வரைபட மென்பொருளான ஆட்டோகேடில் அச்சிட வேண்டிய பகுதியை விண்டோவாக, அதாவது இரு மூலைகளைக் குறித்து, தேர்ந்தெடுக்கும்போது மூலையைத் தவறவிட்டாலும் இப்படித்தான் வெட்டுப்படும் என்பதால் அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாதியில் நின்றதற்குக் காரணம் நினைவகம். செயற்கைக்கோள் படத்தோடு சேர்ந்த கனமான பிடிஎஃப்பைப் பிளாட்டர் தன் குறைந்த நினைவகத்துக்குள்ளேயே விரித்துப் படிக்க முயன்று, இடம் போதாமல், வந்த அளவோடு நிறுத்தியிருக்கிறது. அச்சிடும்போது படமாக அனுப்பும் வசதியைத் தேர்ந்தெடுத்தவுடன் அந்த வேலையைக் கம்ப்யூட்டர் எடுத்துக்கொண்டது. தயாராகச் சற்று நேரம் பிடித்தாலும் வரைபடம் கடைசி மில்லிமீட்டர் வரை வந்தது. இரண்டுக்கும் ஆன செலவு ஏதுமில்லை.

ஆகவே, உள் டெஸ்ட் பிரிண்ட் முழுதாக வந்தால், ஓர அளவையும் படமாக அனுப்பும் வசதியையும் சரிபார்க்காமல் எந்தப் பாகத்துக்கும் பணம் கொடுக்காதீர்கள். அப்படியே மாற்ற நேர்ந்தாலும் புதிய போர்டின் சீரியல் எண் குறித்த முறையான பில்லைக் கேளுங்கள்; கழற்றிய போர்டை உங்கள் கடையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். வணிகத்துக்காகப் பெறும் சேவை 2019 ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வராது என்று சிலர் என்னைத் தடுத்தார்கள். ஆனால் சுயதொழில் மூலம் பிழைப்பதற்காக மட்டுமே ஒருவர் வாங்கிப் பயன்படுத்தும் பொருளுக்கு அதில் விலக்கு உண்டு, சேவைக்கும் அது பொருந்துமா என்பதைக் கேட்டறிய வேண்டும்; புகாருக்கு 2 ஆண்டு அவகாசமும் உண்டு. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிந்துவிட்டேன். அங்கு முதலில் கேட்டது பில்லைத்தான். நான் அந்தத் துண்டுச்சீட்டைத்தான் காட்ட வேண்டியிருந்தது.