ரௌட்டருக்குப் பின்னால் சர்வர்: எஃப்டிபியா, எஸ்எஃப்டிபியா?

வெளியிலிருந்து லாகின் ஆகிறது, கடவுச்சொல்லையும் சர்வர் ஏற்கிறது, ஆனால் ஃபைல் பட்டியல் வருவதற்குள் இணைப்பு அறுந்துபோகிறது. ரௌட்டருக்குப் பின்னால் எஃப்டிபி (ஃபைல்களை அனுப்பவும் எடுக்கவும் உள்ள பழைய முறை) சர்வர் வைத்திருப்பவர்களுக்குப் பழகிப்போன தொல்லை இது. அதே வேலையை மறையாக்கத்தோடு செய்யும் எஸ்எஃப்டிபிக்கு நான் மாறிவிட்டேன். பாதுகாப்பு ஒரு காரணம்தான். சாதாரண எஃப்டிபியில் கடவுச்சொல் அப்படியே திறந்தபடி போகும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. என்னை மாற்றியது வேறொன்று: கோளாறு வந்தால் எங்கே என்று கண்டுபிடிக்க முடிகிறதா என்பது.

எஃப்டிபிக்கு இரண்டு இணைப்புகள் வேண்டும். லாகினும் கட்டளைகளும் போர்ட் (இணைப்பு நுழையும் எண்ணிட்ட வாசல்) 21 வழியாக. பட்டியலும் ஃபைல்களும் தனி இணைப்பில். வெளியே இருப்பவரே இரண்டாவது இணைப்பையும் தொடங்கும் பாசிவ் மோடில் "இந்த முகவரிக்கு, இந்தப் போர்ட்டுக்கு வா" என்று சர்வர்தான் சொல்லும். ரௌட்டருக்கு உள்ளே இருப்பதால் 192.168.1.10 போன்ற உள் முகவரியைச் சொல்லிவிடும். வெளியே இருப்பவர் அதை எங்கே போய்த் தேடுவார்? சர்வர் அமைப்பில் பொது ஐபியை எழுத வேண்டும், பாசிவ் போர்ட்டுகளை 50000 முதல் 50050 வரை என்பதுபோல் வரையறுக்க வேண்டும், அத்தனையையும் ரௌட்டரிலும் ஃபயர்வாலிலும் திறக்க வேண்டும். பொது ஐபி மாறினால் மறுபடி முதலிலிருந்து பார்க்க வேண்டும்.

சில ரௌட்டர்கள் நடுவில் எட்டிப்பார்த்து அந்த முகவரியைத் தாங்களே திருத்திவிடும். அதனால் எல்லாம் சரியாக இருப்பதுபோல் தோன்றும். அப்புறம் எஃப்டிபியின் மறையாக்க வடிவமான எஃப்டிபிஎஸ் போட்டதும் ரௌட்டரால் உள்ளே படிக்க முடியாது, பட்டியல் நின்றுவிடும். பாதுகாப்பைக் கூட்டியதால் பழைய ஓட்டை வெளியே தெரிகிறது. எஃப்டிபியில் எனக்குப் பிடிக்காதது இதுதான்.

எஸ்எஃப்டிபி பெயரில்தான் எஃப்டிபியின் உறவு. தொலைவிலுள்ள கணினியோடு மறையாக்கத்துடன் பேசும் எஸ்எஸ்எச் முறைக்குள் ஓடுவது அது. ஒரே இணைப்பு, வழக்கமாகப் போர்ட் 22. ரௌட்டரில் ஒரு வரி போதும். பிழைச் செய்தியும் நேராகப் பேசும். பதிலே இல்லாமல் டைம் அவுட் ஆனால் ரௌட்டரையோ ஃபயர்வாலையோ பாருங்கள். இணைப்பு உடனே மறுக்கப்பட்டால் பெரும்பாலும் அந்தப் போர்ட்டில் யாரும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. அனுமதி இல்லை என்று வந்தால் ரௌட்டரை விட்டுவிடலாம், சிக்கல் பயனர் கணக்கில். எஸ்எஸ்எச்சுக்கான ஓப்பன்எஸ்எஸ்எச் மென்பொருளில் பயனரை ஒரு ஃபோல்டருக்குள் அடைத்திருந்தால், அந்த ஃபோல்டர் ரூட் எனும் தலைமை நிர்வாகக் கணக்குக்குச் சொந்தமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் கடவுச்சொல் சரியாக இருந்தும் உடனே வெளியே தள்ளும்.

எதுவானாலும் மொபைல் டேட்டாவிலிருந்து சோதியுங்கள். உள்ளிருந்தபடி பொது ஐபியை அழைத்தால் பல ரௌட்டர்கள் திருப்பி விடாது. ரௌட்டரின் WAN முகவரி (இணையப் பக்கம் அதற்குக் கிடைத்த ஐபி) 100.64 முதல் 100.127 வரையிலான வரிசையில் தொடங்கினால், சேவை நிறுவனத்தின் பொதுவான NAT-க்குப் பின்னால், அதாவது பல வாடிக்கையாளர்கள் பகிரும் ஒரே பொது ஐபிக்குப் பின்னால் இருக்கிறீர்கள். அங்கே போர்ட் திறந்து பயனில்லை.

எஃப்டிபி மட்டுமே தெரிந்த ஸ்கேனரும் கேமராவும் இருந்தால் எஃப்டிபியை உள் நெட்வொர்க்கோடு நிறுத்திக்கொள்ளலாம். வேகத்தில் எது மேல் என்று சொல்லும் அளவுக்குப் பெரிய ஃபைல்களை நான் அனுப்புவதில்லை. போர்ட் 22ஐத் திறந்தால் கடவுச்சொல்லை ஊகித்துப் பார்க்கும் முயற்சிகள் வந்துகொண்டே இருக்கும். கடவுச்சொல்லுக்குப் பதில் கீ ஃபைலால் நுழையும் கீ வழி லாகினை வைத்துவிட்டு, கடவுச்சொல் லாகினை மூடிவிடுங்கள்.