புல்லட் விடும் மூச்சு: பிரீதர் குழாயை எங்கே விடுவது?

ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து பார்க்கும்போது மடிப்புத் தாளின் கீழ்ப்பாதி கறுத்துப் பிசுபிசுத்து, பெட்டியின் அடியில் ஒரு தேக்கரண்டி அளவு ஆயில் தேங்கி நின்றால், எஞ்சினின் அடியறைக் காற்றை அந்தப் பெட்டிக்குள் விடும் பிரீதர் குழாயைக் கழற்றி வேறெங்காவது விட்டுவிடலாமா என்ற எண்ணம் புல்லட் மோட்டார் சைக்கிள் வைத்திருக்கும் எவருக்கும் வரும். அப்படி விடுவதற்கென்று சில வழிகள் மெக்கானிக்குகளிடையே புழக்கத்தில் இருக்கின்றன. சென்னையில் 1955-இல் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா பல பத்தாண்டுகள் தயாரித்த, வார்ப்பிரும்பு சிலிண்டர் கொண்ட 350 சி.சி. புல்லட்டை முன்வைத்தே அவற்றை இங்கு எடைபோடுகிறேன்; புதிய எஞ்சின்களுக்குக் கணக்கு மாறும் இடங்களை அங்கங்கே சொல்கிறேன்.

இந்த எஞ்சினின் போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 70 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) 90 மி.மீ., கொள்ளளவு 346 சி.சி. பிஸ்டன் கீழிறங்கும் ஒவ்வொரு முறையும், அதன் கீழே கிராங்க் தண்டு சுழலும் அறையான கிராங்க்கேஸுக்குள் இருக்கும் காற்றுக்கு அதே 346 சி.சி. இடம் குறைகிறது, மேலேறும்போது அந்த இடம் திரும்பக் கிடைக்கிறது. 3000 ஆர்.பி.எம். வேகத்தில் இது நொடிக்கு 50 முறை நிகழ்வதால், தடையேதும் இல்லாத குழாயாக இருந்தால் நொடிக்கு ஏறத்தாழ 17 லிட்டர் காற்று வெளியேறி மீண்டும் உள்ளே வர முயலும். பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்குகளைத் தாண்டிக் கசியும் எரிந்த வாயுவின் அளவு, நல்ல நிலையில் உள்ள எஞ்சினில், இதன் முன் மிகச் சிறியது. ஆகவே ஆயில் துளிகளைக் குழாய் வழியே வெளியே அள்ளிச் செல்வது பெரும்பாலும் இந்த ஏற்ற இறக்கந்தான். 180 டிகிரி கிராங்க் கொண்ட இரட்டை சிலிண்டர் எஞ்சினில் ஒரு பிஸ்டன் இறங்கும்போது மற்றது ஏறிவிடுவதால் கிராங்க்கேஸின் இடம் பெரிதாக மாறுவதில்லை; ஒற்றை சிலிண்டருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

அதனால்தான் புல்லட்டின் பிரீதரில் வாத்தின் அலகு போன்ற ரப்பர் வால்வு ஒன்றைப் பொருத்தினார்கள். அது காற்றை வெளியே விடும், உள்ளே விடாது. எஞ்சின் சில சுற்றுகள் சுற்றியதும் கிராங்க்கேஸின் அழுத்தம் வெளியுலகைவிடச் சற்றே குறைந்து, சீல்களின் வழியே ஆயில் வழிவதும் மட்டுப்படும். வெப்பத்தில் ஆண்டுக்கணக்கில் கிடந்த ரப்பர் விறைத்து, அதன் உதடுகள் மூடாமல் நின்றுவிட்டால், மேலே சொன்ன 17 லிட்டர் கணக்குக்கே திரும்பி வந்துவிடுவோம். எஞ்சின் ஐடிலில் ஓடும்போது குழாயின் நுனியில் ஈர விரலை வைத்துப் பார்த்தால் போதும்: ஊதுவது மட்டும் தெரிந்தால் வால்வு நன்றாக இருக்கிறது, ஊதி உறிஞ்சினால் மாற்ற வேண்டும்.

குழாயில் கை வைப்பதற்கு முன் ஆயில் அளவையும் பார்த்துவிட வேண்டும். இந்த எஞ்சினின் ஆயில், கிராங்க்கேஸோடு ஒட்டியே வார்க்கப்பட்ட தனி அறையில் இருக்கிறது. வண்டி பல நாள் நின்றால் அந்த ஆயில் பம்ப்பின் வழியே மெல்லக் கசிந்து கிராங்க்கேஸுக்குள் இறங்கிவிடும். காலையில் அளவுகோலை எடுத்துப் பார்ப்பவர் குறைவு என்று எண்ணி மேலும் ஊற்றுவார். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் மிகுதியான ஆயில் முழுவதும் பிரீதர் வழியே கொட்டும். ஓட்டி நிறுத்திய பிறகு அளவு பார்க்கும் வழக்கத்தாலேயே பல வண்டிகளின் ‘பிரீதர் கோளாறு’ காணாமல் போயிருக்கிறது.

இனி வழிகளுக்கு வருவோம். முதல் வழி, குழாயை ஏர் ஃபில்டர் பெட்டிக்கே விடுவது. வாயுவும் முழுதாய் எரியாத பெட்ரோல் ஆவியும் மீண்டும் சிலிண்டருக்குப் போய் எரிந்துவிடுவதால் காற்று கெடுவதில்லை, வண்டியின் அடியும் சுத்தமாக இருக்கும். ஆனால் ஆயில் மிகுதியாக வரும் பழைய எஞ்சினில் ஃபில்டர் தாள் அடைபட்டு, கலவையில் காற்று குறைந்து பெட்ரோல் மிகுகிறது. உள்ளே போகும் ஆயில் பெட்ரோலின் ஆக்டேனை, அதாவது தட்டலைத் தாங்கும் திறனை, குறைத்து, மேட்டில் சுமையோடு ஏறும்போது ‘டிக் டிக்’ என்ற தட்டலை வரவழைக்கிறது. வால்வுகளிலும் பிஸ்டன் தலையிலும் கரி ஏறுகிறது. 2020-இல் வந்த ராயல் என்ஃபீல்டின் 349 சி.சி. ஜே வரிசை எஞ்சின் போன்றவற்றுக்கோ இந்த வழியே சரி. பெட்டியின் வடிகால் குழாயில் சில துளி ஆயில் நிற்பது அவற்றில் நோயாகாது. 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள பி.எஸ். 6 புகை மாசு விதிகளின்படி கிராங்க்கேஸ் வாயுவை வெளியே விடவும் கூடாது.

இரண்டாவது வழி, நீண்ட குழாயைப் பின் மட்கார்டு வரை கொண்டுபோய், நுனியில் புதிய ஒருவழி வால்வைச் செருகி வெளியே விடுவது. எஞ்சினின் நலனை மட்டும் பார்த்தால் இதைக் குறை சொல்ல முடியாது: நீராவியும் அமிலத்தன்மை கொண்ட வாயுவும் திரும்பி வருவதில்லை, ஃபில்டர் உலர்ந்திருக்கிறது. பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் இந்தச் சொட்டு பின் செயினின் மேல் விழும்படியே வைத்து, அதையே செயினுக்கு ஆயிலாகவும் பயன்படுத்தினார்கள். அந்தச் சொட்டு நான்கு விரல் தள்ளி விழுந்தால் பின் டயர் என்பதை மறக்கக் கூடாது. வாயு காற்றில் கலப்பதும், சிக்னலில் நிற்கும்போது அந்த நெடி ஓட்டுபவரின் மூக்கிலேயே ஏறுவதும் இதன் விலை.

மூன்றாவது, கிராங்க்கேஸ் வாயிலேயே விரல் நீளக் கூம்பு ஃபில்டரை மாட்டிவிடுவது. பார்க்க அழகாக இருக்கிறது என்பதைத் தவிர இதற்குச் சாதகமாக எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஒருவழி வால்வு இல்லாமல் மாட்டினால் ஒவ்வொரு சுற்றிலும் சாலைத் தூசியும் மழை ஈரமும் கலந்த காற்றை எஞ்சின் உறிஞ்சும். ஃபில்டரின் துணி நனைந்ததும் ஆயில் எஞ்சினின் பக்கவாட்டில் வழிந்து, சூடான சைலன்சர் குழாயைத் தொட்டால் புகையும்.

நான்காவது வழியில், கிராங்க்கேஸுக்கும் ஏர் ஃபில்டர் பெட்டிக்கும் நடுவில் ஆயிலைப் பிடிக்கும் கேட்ச் கேனை வைக்கிறோம். பிற்கால வார்ப்பிரும்பு மாடல்களில் தொழிற்சாலையே சிறு கேன் வைத்து, சேர்ந்த ஆயிலை எஞ்சினின் டைமிங் கியர்கள் இருக்கும் பக்கத்துக்குத் திருப்பி அனுப்பியது. சிறு தூரமே ஓடும் வண்டியில் நீரும் அதோடு திரும்பிவிடும் என்பதால், அந்தத் திரும்பு வழியை அடைத்துவிட்டுக் கேனைக் கையால் காலி செய்வதே எனக்கு உகந்ததாகப் படுகிறது. வெறும் டப்பாவாக இருந்தால் காற்று ஒரு வாயில் நுழைந்து மறு வாயில் ஆயிலோடு போய்விடும். உள்ளே தடுப்புத் தகடோ துருப்பிடிக்காத கம்பிச் சுருளோ இருந்தால்தான் துளிகள் அதில் மோதி நின்று கீழே வடியும். என் வண்டிக்கு ஒரு பட்டறையில் மீன்தொட்டிக்குப் போடும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாயை இணைத்துக் கொடுத்தார்கள். அது சிலிண்டரின் சூட்டில் இளகி, வளைவில் தட்டையாகி அடைத்துக்கொள்ள, மறுவாரமே சிலிண்டர் தலையின் மூடியான ராக்கர் கவரின் ஓரத்தில் ஆயில் கசிந்தது. ஆயிலும் வெப்பமும் தாங்கும் ரப்பர் குழாயை, முன்பிருந்த உள்விட்டத்துக்குக் குறையாமல், தொய்வின்றி மேல்நோக்கி ஏறும்படி கட்ட வேண்டும்.

பழைய புல்லட்டுக்கு நான் வைத்திருப்பது நல்ல ஒருவழி வால்வோடு கூடிய இந்த நான்காவது ஏற்பாடுதான். இதில் இன்னொரு வசதியும் உண்டு: கேனில் சேர்ந்தது பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் அது நீர், எஞ்சின் முழுச் சூடேறும் அளவுக்கு வண்டி ஓடவில்லை என்று பொருள், ஊட்டியிலோ மார்கழிக் குளிரிலோ குறுகிய ஓட்டங்களுக்கு அது இயல்பு. நீர் கலக்காத கறுத்த ஆயிலாகவே வாராவாரம் நிறைந்தால், அளவு மிகுந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, கம்ப்ரஷனை அளந்து, தேவைப்பட்டால் ரிங் மாற்றும் செலவுக்குத் தயாராக வேண்டியதுதான்.