ஓப்பன் லைவ் ரைட்டர்: ஹார்ட் டிஸ்க் போன பிறகும் அதையே திரும்பப் போட்டேன்

பாபநாசத்திலிருந்து ஒரு தம்பி போன வாரம் போன் செய்தார். பாரம்பரிய நெல் போடுகிறவர். நெல் ஜெயராமன் தொடங்கிவைத்த திருத்துறைப்பூண்டி நெல் திருவிழாவில் 2 கிலோ தூயமல்லி விதை வாங்கி, மறு வருடம் 4 கிலோவாகத் திருப்பிக் கொடுத்து, இப்போது ஒரு ஏக்கருக்கு மேல் அதையே வைத்திருக்கிறார். இதையெல்லாம் வலைப்பதிவாக எழுத வேண்டும் என்று ஆசை. "அண்ணே, சிக்னலே இல்லாத ஊர்ல உக்காந்து இத்தனை வருஷமா எழுதுறீங்களே, எதுல எழுதுறீங்க? நானும் அதையே போட்டுக்கிறேன்" என்றார். "ஓப்பன் லைவ் ரைட்டர். ஆனா நீங்க போடாதீங்க தம்பி" என்று பட்டென்று சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகு மனசு கேட்கவில்லை. பதினைந்து வருடத்துக்கு மேல் என்னோடு இருக்கிற ஒன்றைப் பற்றி இரண்டு வார்த்தையில் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. அதனால் முழுசாக எழுதுகிறேன்.

என் பதிவு எதைப் பற்றியது என்று சொன்னால்தான் என் கோபம் புரியும். எங்கள் ஊர் முத்துப்பேட்டைக்கு வடக்கே, கோரையாற்றின் கடைமடை. நீடாமங்கலம் மூணாறு தலைப்பில் வெண்ணாறு மூன்றாகப் பிரிகிறதே, அங்கிருந்து வருகிற தண்ணீர். மேட்டூரில் ஜூன் 12 திறந்தார்கள் என்று செய்தி வரும், கல்லணையில் பூ தூவுவார்கள், எங்கள் வாய்க்காலுக்கு அது வந்து சேர இரண்டு வாரமும் ஆகும், மூன்று வாரமும் ஆகும். 2022ல் மே 24லேயே திறந்தார்கள், 2024ல் ஜூலை 28தான். திறந்த தேதி எல்லோருக்கும் தெரியும். எங்கள் மதகுக்கு வந்த தேதியை யாரும் எழுதி வைப்பதில்லை. நான் எழுதுகிறேன். ஒவ்வொரு வருடமும் தண்ணீர் வந்த தேதி, எந்த மதகில் எத்தனை அடி, எந்தப் பலகை உடைந்து கிடந்தது, கூடவே படம். படம் இல்லாமல் தேதியை மட்டும் போட்டால் யார் நம்புவார்கள்?

மென்பொருளைப் பற்றித் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. வலைப்பதிவை உலாவி இல்லாமல் கணினியிலேயே எழுதிவைத்து, நெட் கிடைக்கும்போது வெளியிடுகிற மென்பொருள் ஒன்றை மைக்ரோசாஃப்ட் 2006ல் விண்டோஸ் லைவ் ரைட்டர் என்று இலவசமாக விட்டது. 2012 பதிப்போடு அது நின்றது, 2017 ஜனவரியில் ஆதரவும் முடிந்தது. அதற்கு முன்பே, 2015 டிசம்பரில், அதன் மூல நிரல் பொதுவில் வந்துவிட்டது. மைக்ரோசாஃப்டில் வேலை பார்த்த சிலரே தங்கள் சொந்த நேரத்தைக் கொடுத்துக் கொண்டுவந்ததுதான் ஓப்பன் லைவ் ரைட்டர். என்னிடம் இருப்பது அதன் 0.6.2 பதிப்பு. நான் பழையதில் 2009ல் ஆரம்பித்து, பிறகு இதற்கு மாறினேன். மாறியது போலவே தெரியவில்லை, அதே சட்டை.

இதன் அருமை எனக்குப் புரிந்தது 2012ல். மின்வெட்டு ஒரு நாளில் பாதிக்கு மேல் இருந்த காலம் அது. நெட் வருகிற நேரத்தில் கரண்ட் இருக்காது, கரண்ட் இருக்கிற நேரத்தில் நெட் இருக்காது. உலாவியில் எழுதிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் பாதிப் பதிவைத் தொலைத்துவிட்டுத் திட்டிக்கொண்டிருந்தபோது நான் லேப்டாப் பேட்டரியில் உட்கார்ந்து எழுதுவேன். சில நிமிடங்களுக்கு ஒருமுறை தானே சேமித்துக்கொள்ளும்படி வைத்திருந்தேன். எழுதி முடித்து, லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போனால் அங்கே இரண்டு கோடு சிக்னல் வரும், வெளியிடு என்று ஒரு அழுத்து, முடிந்தது. இன்றைக்கும் வீட்டுக்குள் சிக்னல் கிடையாது. இன்றைக்கும் அதே கரைதான்.

இன்னொன்று இருக்கிறது, இதைத் தமிழில் எழுதுகிறவர்கள் மட்டும்தான் முழுசாக உணர முடியும் என்று நினைக்கிறேன். முதல் முறை நம் பதிவை அதில் சேர்க்கும்போது, தற்காலிகமாக ஒரு பதிவு போட்டுப் பார்த்து அழித்துக்கொள்ளட்டுமா என்று கேட்கும். சரி என்றால் நம் பதிவின் எழுத்துரு, பத்தியின் அகலம், நிறம் எல்லாவற்றையும் இறக்கி வைத்துக்கொள்ளும். அதற்குப் பிறகு நாம் தட்டச்சு செய்வது வெள்ளைக் காகிதத்தில் இல்லை, நம் பதிவுக்குள்ளேயே. தமிழில் சொற்கள் நீளம். 'திறந்துவிடப்பட்டிருந்ததாகச்' என்று ஒரு சொல் வரியின் கடைசியில் வந்தால் முழுசாக அடுத்த வரிக்குப் போய்விடும், மேலே பல்லுப் போன மாதிரி ஓட்டை விழும். வேறு எதில் எழுதினாலும் அது வெளியிட்ட பிறகுதான் தெரியும். இதில் எழுதும்போதே தெரியும், அந்த இடத்திலேயே வாக்கியத்தைத் திருப்பிப் போட்டுவிடுவேன். என் வாக்கியங்கள் கொஞ்சமாவது சின்னதானதற்கு இந்த மென்பொருள்தான் காரணம் என்று உறுதியாகச் சொல்வேன். என்எச்எம் ரைட்டர் என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருளைப் போட்டு தமிழ்99 விசைப்பலகை முறையில் அடிக்கிறேன், இதுவரை ஒரு சிக்கலும் இல்லை.

பழைய பதிவுக்கு இணைப்புக் கொடுப்பதும் சுலபம். இணைப்பு வைக்கிற பெட்டியிலேயே முந்தைய பதிவுகளின் பட்டியலை எடுத்துத் தரும், தேர்ந்தெடுத்தால் போதும். இந்த வருடத் தண்ணீருக்குக் கீழே போன வருடத் தண்ணீர், அதற்குக் கீழே அதற்கு முந்தைய வருடம் என்று சங்கிலியாகக் கோத்துக்கொண்டே வந்திருக்கிறேன்.

அப்புறம் படம். என் தீராத எரிச்சல் இங்கேதான்.

முன்பெல்லாம் எப்படி இருந்தது என்றால், கேமராவிலிருந்து மதகின் படத்தை இழுத்துப் போடுவேன். 4 எம்பி படத்தை அதுவே பதிவுக்கு வேண்டிய அகலத்துக்குச் சுருக்கி, சுருக்கியதை மட்டும் ஏற்றும். கரையில் உட்கார்ந்து ஏற்றுகிறவனுக்கு இது எவ்வளவு பெரிய உபகாரம் என்று நகரத்தில் இருப்பவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. அதோடு வாட்டர்மார்க் என்று ஒரு வசதி. படத்தின் மூலையில் தேதியை எழுத்தாகப் பதித்துவிடலாம். ஒவ்வொரு மதகுப் படத்திலும் வலது கீழ் மூலையில் தேதி போட்டிருப்பேன். ஒரு முறை பாசனக் கூட்டத்தில், தண்ணீர் ஜூன் மாதமே வந்துவிட்டது என்று ஒருவர் அடித்துச் சொன்னபோது, எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் போனில் என் பதிவைத் திறந்து அந்தப் படத்தை நீட்டினார். ஜூலை என்று மூலையில் இருந்தது. அதற்கு மேல் பேச்சில்லை.

2019ல் இது போச்சு. என் பதிவு இருப்பது ஒரு இலவசச் சேவையில். எழுத்து போக ஒரு வழி, படம் போக வேறு வழி. படத்துக்கு லைவ் ரைட்டர் நம்பியிருந்தது ஒரு பழைய பட ஆல்பச் சேவையை. அந்த வாசலை அந்த வருடம் அடைத்துவிட்டார்கள். அன்றிலிருந்து ஒரே ஒரு படம் இருந்தாலும் பதிவு முழுக்கப் பிழை என்று திரும்பி வந்துவிடும். முதல் நாள் எனக்கு என்னவென்றே தெரியவில்லை. சிக்னல்தான் கோளாறு என்று நினைத்துக் கரையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு மேற்கே நகர்ந்து நகர்ந்து அடுத்த ஊர் பாலம் வரைக்கும் போய்விட்டேன்.

இப்போது என்ன செய்கிறேன் என்றால், வேறொரு மென்பொருளில் படத்தைச் சுருக்க வேண்டும், தேதியை எழுத வேண்டும், உலாவியில் சேவையின் பக்கத்துக்குப் போய் ஒரு வெற்றுப் பதிவு திறந்து படத்தை ஏற்ற வேண்டும், அதன் முகவரியை நகலெடுத்து லைவ் ரைட்டருக்கு வந்து 'இணையத்திலிருந்து படம்' என்று செருக வேண்டும். பத்துப் படம் என்றால் பத்து முறை. அப்படிச் செருகிய படத்தில் வாட்டர்மார்க்கும் போட முடியாது. எஃப்டிபி என்ற ஃபைல் அனுப்பும் முறை வழியாகப் படம் ஏற்றலாம் என்று அமைப்புகளில் ஒரு வழி இருக்கிறது, அதற்குச் சொந்தமாக சர்வர் இடம் வேண்டும், வாடகை கட்டி அதை வைத்துக்கொள்ள எனக்கு வசதியில்லை.

நெட் இல்லாதவனுக்காகவே செய்தது போன்ற மென்பொருள், நெட்டில் உட்கார்ந்தால்தான் படம் போட முடியும் என்று ஆகிவிட்டது. எனக்கு வயிறு எரிவது அதனால்தான். சம்பளம் இல்லாமல் செய்தவர்கள்மேல் கோபப்படுவது தப்பு என்று எனக்குத் தெரியும். வாசலை அடைத்தது அவர்கள் இல்லை என்றும் தெரியும். ஆனாலும் ஒவ்வொரு ஜூன் மாதமும் கரையில் வெயிலில் உட்கார்ந்து ஏழாவது படத்தின் முகவரியை நகலெடுக்கும்போது கோபம் வரத்தான் செய்கிறது.

போன மாதம் லேப்டாப்பில் டிக் டிக் என்று சத்தம் வந்து ஹார்ட் டிஸ்க் போய்விட்டது. பக்கத்து டவுனில் கடையில் கொடுத்தேன். 256 ஜிபி எஸ்எஸ்டி போட்டு விண்டோஸ் புதிதாக ஏற்றிக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் போட்டோ இருக்கிறது, வேர்ட் ஃபைல் இருக்கிறது, 'மை வெப்லாக் போஸ்ட்ஸ்' என்ற ஃபோல்டர் மட்டும் இல்லை. அதில்தான் லைவ் ரைட்டரின் வரைவுகள் எல்லாம் இருக்கும். திரும்ப பஸ் ஏறினேன். கடைப் பையன், "சார், டபிள்யூபோஸ்ட்னு முடியிற ஃபைலு என்னன்னே தெரியல, வேண்டாததுன்னு விட்டுட்டேன்" என்றான். பாவம், அவன் எங்கே அதைப் பார்த்திருப்பான். நல்ல வேளையாகப் பழைய டிஸ்கை மேஜை டிராயரில் போட்டு வைத்திருந்தான். அரை நாள் உட்கார்ந்து 74ல் 71ஐ எடுத்துக் கொடுத்தான். வேலைக்கு மேலே காசு வாங்கவில்லை.

இதில் ஒன்றைத் தெரிந்துகொண்டேன், மற்றவர்களும் தெரிந்துகொள்ளுங்கள். அந்த வரைவு ஃபைலை நோட்பேடில் திறந்தால் புரியாத குறிகள்தான் வரும். எழுத்தும் படமும் சேர்த்து ஒரே மூட்டையாகக் கட்டி வைத்திருக்கிறது. லைவ் ரைட்டர் இல்லாவிட்டால் நம் எழுத்தை நாமே எடுப்பது சுலபமில்லை. இவ்வளவு வருடம் இதை யோசிக்காமல் இருந்திருக்கிறேன். இப்போது எழுதி முடித்ததும் வெறும் எழுத்தாக ஒரு நகல் எடுத்து பென் டிரைவில் வைக்கிறேன்.

மற்றதைப் பார்க்காமல் இல்லை. வேர்டிலேயே வலைப்பதிவு வெளியிடும் வசதி 2007 பதிப்பிலிருந்து இருக்கிறது, போட்டுப் பார்த்தேன், எழுத்துக்கு எழுத்து குப்பை நிரலைக் கூடவே அனுப்புகிறது. மார்ஸ்எடிட் ரொம்ப நன்றாக இருக்கும் என்கிறார்கள், அது மேக்குக்கு மட்டும்தான். உலாவியில் நேராக எழுதுவது எனக்குக் கை வரவில்லை.

ஆகவே தம்பி, நீங்கள் இதைப் போட வேண்டாம். நீங்கள் எழுதப்போவது நெல்லைப் பற்றி. தூயமல்லிக் கதிரின் நிறமும் கருப்பு கவுனி அரிசியின் நிறமும் படத்தில் தெரியாவிட்டால் பாதி சேதி போய்விடும். வேர்ட்பிரஸ் என்ற வலைப்பதிவு மென்பொருளைப் போட்டுச் சொந்த சர்வர் இடத்தில் எழுதப்போகிறீர்கள் என்றால் மட்டும் எனக்கு இன்னொரு முறை போன் செய்யுங்கள். அங்கே எழுத்தும் படமும் எக்ஸ்எம்எல்-ஆர்பிசி என்ற ஒரே வாசலில்தான் போகும், இடம் கொடுப்பவர்கள் அந்த வாசலை மூடாமல் வைத்திருந்தால் இதைப் போல சுகம் வேறு எதிலும் இல்லை. இலவச இடம் என்றால் வேண்டாம்.

புது எஸ்எஸ்டி வந்த அன்று நான் முதலில் ஏற்றியது இதைத்தான், உலாவியைக்கூடப் பிறகுதான் போட்டேன். மீட்ட 71 வரைவுகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். எல்லாம் எழுதியபடியே, என் பதிவின் எழுத்துருவில், படங்களோடு திறந்தன. அதில் ஒன்று 2018 நவம்பரில் எழுதியது. 16ஆம் தேதி விடியற்காலை கஜா புயல் அடித்துப் போட்ட பிறகு எங்கள் தெருவுக்குக் கரண்ட் வர 19 நாள் ஆனது. கல்யாண மண்டபத்து ஜெனரேட்டரில் லேப்டாப்பை சார்ஜ் போட்டு, ராத்திரி அரிக்கேன் விளக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதியது. யாருடைய தோப்பில் எத்தனை தென்னை விழுந்தது என்று வீடு வீடாகக் கேட்டு எழுதியிருக்கிறேன். அன்றைக்கு வெளியிட மனசில்லாமல் விட்டிருந்தேன். அந்தத் தோப்புகளில் இப்போது புதுக் கன்றுகள் பாளை விட்டுவிட்டன, அதனால் போடலாம் என்று தோன்றியது. படம் ஒன்பது. ஒவ்வொன்றாகச் சுருக்கி, மூலையில் தேதி எழுதி, நேற்று சாயங்காலம் கரையில் நான்கை ஏற்றினேன், அதற்குள் இருட்டிவிட்டது. மீதி ஐந்துக்கு நாளைக் காலையில் போக வேண்டும்.