ஒன்பது பேர் அலுவலகத்துக்கு வாங்கிய முதலுதவிப் பெட்டி

லண்டன் ஹரோவில் ஒரு கடையின் மேல்மாடியில் இயங்கும் எங்கள் கணக்காளர் அலுவலகத்தில் ஒன்பது பேர் வேலை செய்கிறோம். கேத்தலையும் ஒடுங்கிய மாடிப்படியையும் விட்டால் ஆபத்து என்று சொல்லத்தக்க எதுவும் இங்கே இல்லை. இடம் மாறும்போது பழைய முதலுதவிப் பெட்டியைத் திறந்தோம். காயக்கட்டுகள் காலாவதியாகி நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. அதற்குள் யாரோ போட்டுவைத்த பனடோல் அட்டையும் கோடாலித் தைலமும் மட்டுமே பாவிக்கப்பட்டிருந்தன. புதிய பெட்டி வாங்கும் பொறுப்பு என்னிடம் வந்தது.

முதலில் தொலைபேசியில் விசாரித்த விற்பனையாளர், சட்டப்படி தேவை என்று சொல்லி, பெரிய பெட்டி, கண் கழுவும் போத்தல்கள், இரண்டு பேருக்கு மூன்று நாள் பயிற்சி ஆகியவற்றை ஒன்றாகச் சேர்த்து விலை சொன்னார். பிரித்தானியாவில் இதற்குரிய சட்டம் 1981ஆம் ஆண்டின் முதலுதவி ஒழுங்குவிதிகள். இத்தனை பெட்டி, இத்தனை பேர் என்று அவை எண்ணிக்கை எதையும் விதிப்பதில்லை. வேலைத்தளத்தின் தன்மையைப் பார்த்து, போதுமானதும் பொருத்தமானதுமான ஏற்பாட்டை முதலாளியே தீர்மானிக்க வேண்டும் என்றே கேட்கின்றன. வேலைத்தளப் பாதுகாப்பைக் கவனிக்கும் எச்எஸ்இ எனப்படும் அரசு அமைப்பின் வழிகாட்டலில், ஆபத்துக் குறைந்த இடத்தில் 25 பேருக்குக் குறைவாக இருந்தால், பெட்டியைக் கவனித்து அவசரத்தில் உதவியை அழைக்கும் பொறுப்பாளர் ஒருவர் போதும். 25 முதல் 50 பேர் வரை இருந்தால்தான் ஒரு நாள் அவசர முதலுதவிப் பயிற்சி பெற்ற ஒருவரையாவது வைத்திருக்கச் சொல்கிறது. மூன்று நாள் பயிற்சி பெற்றவரைப் பற்றிய பேச்சு 50 பேரைத் தாண்டிய பிறகே வருகிறது. ஆகவே எங்களுக்குக் கட்டாயமானவை மூன்றுதான்: பொருத்தமான பெட்டி, பொறுப்பாளர், இவை பற்றி ஊழியர்களுக்கு அறிவித்தல்.

வேறொரு கடையில், வேலைத்தள முதலுதவிப் பெட்டிகளுக்கான பிஎஸ் 8599-1 என்ற பிரித்தானியத் தரத்தில் அமைந்த சிறிய பெட்டியை 18 பவுண்டுக்கு வாங்கினேன். அந்தத் தரமும் கட்டாயமானதல்ல. பெட்டிக்குள் இன்னின்னவை இருக்க வேண்டும் என்று சட்டப் பட்டியல் எதுவும் இல்லை. இருந்தாலும் எச்எஸ்இ மாதிரியாகக் காட்டும் பட்டியலைவிட இதில் சில பயனுள்ள பொருள்கள் கூடுதலாக உள்ளன. தனித்தனியாகச் சுற்றிய 40 பிளாஸ்டர்கள், கையுறைகள், முக்கோணக் கட்டுத்துணி, கண் கட்டுகள் ஆகியவற்றோடு, உடுப்பை வெட்டும் கத்தரிக்கோலும், செயற்கைச் சுவாசம் கொடுக்க முகத்தில் வைக்கும் மறைப்பும், உடற்சூட்டைக் காக்கும் மினுங்கும் போர்வையும் இருந்தன. கத்தரிக்கோல் உண்மையிலேயே நல்லது. பழைய ஜீன்ஸ் ஒன்றை வெட்டிப் பார்த்தேன், தயங்காமல் வெட்டியது. பிளாஸ்டர்கள் அப்படியல்ல, கை கழுவினால் ஓரம் கிளம்பிவிடுகின்றன. தீக்காயக் கட்டு ஒன்று இருப்பது கேத்தல் வைத்திருக்கும் எவருக்கும் ஆறுதல். ஆனால் சுட்ட இடத்தைக் குளிர்ந்த குழாய் நீரில் 20 நிமிடம் பிடித்த பிறகே அதற்கு வேலை. பற்பசை பூசும் நம் வழக்கத்துக்கு எந்தப் பெட்டியிலும் இடமில்லை.

மாத்திரைகளையும் மருந்துகளையும் பெட்டியில் வைக்க வேண்டாம் என்பதே எச்எஸ்இயின் பரிந்துரை. மாரடைப்பு என்று சந்தேகிக்கப்படுபவருக்கு முதலுதவியாகக் கொடுக்கும் ஆஸ்பிரின் மட்டும் விதிவிலக்கு. பனடோல் வெளியேறியதில் அலுவலகத்தில் சிறு முணுமுணுப்பு எழுந்தது.

பெட்டியைத் தேர்ந்தெடுப்பதைவிடப் பொறுப்பாளரைத் தேர்ந்தெடுப்பதற்குத்தான் அதிகம் யோசிக்க வேண்டியிருந்தது. பெட்டியைக் கவனிப்பதும் அவசரத்தில் 999ஐ அழைப்பதும் அவருடைய கடமை. பயிற்சி இல்லாத சிகிச்சையில் அவர் கைவைக்கக் கூடாது. அலுவலகத்தில் ஆட்கள் இருக்கும் நேரமெல்லாம் அந்தப் பொறுப்பு யாரிடமாவது இருக்க வேண்டும் என்பதால் ஒரு பெயர் போதாது. எங்கள் மூத்த அக்கா பொறுப்பேற்றார். ஆனால் வெள்ளிக்கிழமைகளில் அவர் வருவதில்லை, ஜனவரியிலோ வரிக் கணக்குகளுக்காக இரவு எட்டு மணி வரை சிலர் இருப்போம். ஆகவே இரண்டாவதாக என் பெயரையும் சேர்த்தோம். பெட்டியோடு வந்த பச்சை ஒட்டியில் பெயர் எழுத விட்டிருந்த இடம் ஒரு பெயருக்கே பத்தவில்லை. தனித்தாளில் அச்சிட்டு மாடிக் கதவில் ஒட்டினேன்.

கட்டாயமில்லாத ஒன்றுக்கும் செலவழித்தோம்: நான் மட்டும் ஒரு நாள், ஆறு மணி நேரப் பயிற்சிக்குப் போனேன். வாடிக்கையாளர்களுக்காக முதலுதவி ஏற்பாடு செய்யும்படி ஒழுங்குவிதிகள் கட்டாயப்படுத்தவில்லை. ஆனாலும் அந்தப் படிகளில் ஏறிவருபவர்களில் பலர் அறுபதைக் கடந்தவர்கள். பயிற்சி நிறுவனங்களுக்கு எச்எஸ்இ அங்கீகாரம் அளிக்கும் முறை 2013 அக்டோபரில் முடிந்துவிட்டதால், பயிற்றுநரின் தகுதியை நாமே கேட்டுப் பார்க்க வேண்டும். எனக்குக் கிடைத்தவர் பேச்சைக் குறைத்து, பொம்மையின் நெஞ்சில் 5 முதல் 6 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்த வைத்தார். இரண்டாம் நிமிடத்திலேயே எனக்குக் கை தளர்ந்தது. அதை எந்தக் கையேடும் எனக்குச் சொல்லியிருக்க முடியாது. சான்றிதழ் மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும்.

பெட்டியில் எனக்குள்ள பெரிய குறை, தீர்ந்த பொருளை மட்டும் தனியாக வாங்க அந்தக் கடையில் வழியில்லை என்பது. முழு நிரப்புத் தொகுப்பைத்தான் வாங்க வேண்டும், அதற்கும் புதிய பெட்டிக்கும் விலையில் பெரிய வித்தியாசமில்லை. பிளாஸ்டர்களைப் பக்கத்து மருந்தகத்தில் வாங்கி நிரப்புகிறேன். காலாவதித் தேதிகளை மூடியின் உட்புறத்தில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்.