“பணம் வேண்டாம் தம்பி, பங்கு போதும்”: சிறு முதலீட்டில் படம் எடுப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

2022 ஜனவரியில் இருபது ரூபாய் முத்திரைத் தாளோடு இணைத்த ஒன்பது பக்க ஒப்பந்தம் ஒன்றில் நான் கையெழுத்திட்டேன். அந்தக் கையெழுத்தால் நானே எழுதி, நானே கடன் வாங்கி, நானே இயக்கிய படத்தை ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் என்னால் கைக்குக் கொண்டுவர முடியாமல் போயிற்று. படப்பிடிப்புக்குப் பிந்தைய பின்தயாரிப்பு வேலைகளைச் செய்து தருவதாகச் சொல்லிக் கூட்டுத் தயாரிப்பாளராக உள்ளே வந்த ஒரு ஸ்டுடியோவோடு எனக்கு நேர்ந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். கடைசியில் செய்துகொண்ட சமரசத்தில் பெயரை வெளியிடக் கூடாது என்ற நிபந்தனை இருப்பதால், அந்த ஸ்டுடியோ எது என்று யாரும் என்னிடம் கேட்க வேண்டாம். ஒப்பந்தத்தின் வாசகங்களைச் சொல்வதற்கு எந்தத் தடையும் இல்லை. உங்களுக்குத் தேவைப்படப்போவதும் அவைதாம்.

படம் தூத்துக்குடி உப்பளங்களில் நடக்கும் ஒரு குடும்பக் கதை. பாட்டு இல்லை, சண்டை இல்லை, முகம் தெரிந்த நடிகர் ஒருவரும் இல்லை. முதன்மைப் பாத்திரத்தில் நடித்தவர் முப்பது ஆண்டுகள் பாத்தியில் இறங்கி உப்பு வாரிய ஓர் அக்கா. இப்படிப்பட்ட படத்துக்கு விநியோகஸ்தர் எவரும் முன்பணம் தரமாட்டார் என்பது தெரிந்தேதான் இறங்கினேன். 2021-இல் ‘கூழாங்கல்’ என்ற தமிழ்ப் படம் ரோட்டர்டாம் திரைப்பட விழாவில் டைகர் விருது வாங்கியிருந்த நேரம் அது. கரிசல் காட்டையும் உப்பளத்தையும் நம்பிப் படம் எடுக்கலாம் என்ற தைரியம் என்னைப் போன்ற பலருக்கு அப்போது வந்திருந்தது. அந்தத் தைரியத்தை வைத்துப் பிழைக்கச் சிலர் காத்திருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியவில்லை.

கையில் இருந்தது முப்பத்தெட்டு லட்சம். அதில் பதினொரு லட்சம் மனைவியின் நகைக்கடன். மீதி நண்பர்களிடம் கைமாற்றாக வாங்கியது. படப்பிடிப்பை முடித்துவிடலாம், ஆனால் டி.ஐ. என்னும் நிறச் சீரமைப்பு, ஒலிக்கலவை, திரையரங்குக்கான டிஜிட்டல் பிரதியான டி.சி.பி. வரை போக முடியாது என்ற நிலையில்தான் ஒரு நண்பர் மூலம் அந்த ஸ்டுடியோவின் உரிமையாளரைச் சந்தித்தேன். கதையை இரண்டு மணி நேரம் பொறுமையாகக் கேட்டார்; இரண்டு இடங்களில் கண் கலங்கினார். அது நடிப்பு என்று இன்றும் நான் நினைக்கவில்லை. “பணம் வேண்டாம் தம்பி, பங்கு போதும். பெரிய படங்களுக்கு நடுவில் எங்கள் அறைகள் சும்மாதான் கிடக்கின்றன” என்றார். நான்கு மாதத்தில் முதல் பிரதி, அதாவது முழுதாக முடிந்த படம், கையில் இருக்கும் என்றும், படம் விற்றால் முப்பத்தைந்து சதவீதம் அவருக்கு என்றும் பேசி முடித்தோம்.

பேசியது இவ்வளவுதான். எழுதியிருந்ததோ வேறு. நான்காம் பக்கத்தில், படத்தின் மூலக் கோப்புகள் அனைத்தும் ஸ்டுடியோவின் பொறுப்பில் இருக்கும் என்றும் “கணக்குகள் முழுமையாகத் தீர்ந்த பிறகே” வெளியே தரப்படும் என்றும் இருந்தது. கணக்கு என்றால் விற்பனைக் கணக்கு என்று நான் எடுத்துக்கொண்டேன். ஏழாம் பக்கத்தில், ஒப்பந்த நாளிலிருந்து பன்னிரண்டு மாதங்களுக்குள் படம் விற்பனையாகாவிட்டால், ஸ்டுடியோ அதுவரை செய்த வேலைகள் அனைத்தும் அன்றைய சந்தை விலையில் கட்டணமாக மாறும் என்று ஒற்றை வரி இருந்தது. பன்னிரண்டு மாதம் என்பதை எங்கிருந்து எண்ணுகிறார்கள் என்பதை நான் கவனிக்கவேயில்லை. படத்தை முடித்துத் தரும் நாளிலிருந்து எண்ணியிருந்தால் அது நியாயமான நிபந்தனை. ஒப்பந்த நாளிலிருந்து எண்ணும்போது, வேலையை இழுத்தடிப்பவருக்கே அது லாபமாக முடிகிறது. தாமதம் அவர்களுடையது, கடிகாரம் என்னுடையது.

எட்டாம் பக்கம் இன்னும் மோசம். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், உரிமை மாற்றத்தைப் பொறுத்தவரை படைப்பாளிக்குச் சில பாதுகாப்புகளைத் தருகிறது. எவ்வளவு காலத்துக்கு என்று எழுதப்படாவிட்டால் ஐந்து ஆண்டுகள் என்றும், எந்த நிலப்பரப்புக்கு என்று எழுதப்படாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் அதன் 19-ஆம் பிரிவு வைத்துக்கொள்கிறது. உரிமை பெற்றவர் ஓராண்டுக்குள் அதைப் பயன்படுத்தாவிட்டால், வேறுவிதமாக எழுதப்பட்டிருந்தாலொழிய அந்த உரிமை காலாவதியாகிவிடும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. என் ஒப்பந்தத்தை எழுதியவர் இந்தப் பிரிவை வரிவரியாகப் படித்திருக்கிறார். ஓ.டி.டி., தொலைக்காட்சி உரிமைகள் “நிரந்தரமாகவும், உலகம் முழுவதற்கும், ஓராண்டு வரம்பு பொருந்தாமலும்” ஸ்டுடியோவுக்கு என்று எழுதி, மூன்று கதவையும் ஒரே வாக்கியத்தில் அடைத்திருந்தார். ஒரு வழக்கறிஞரிடம் காட்டியிருந்தால் பத்து நிமிடத்தில் சொல்லியிருப்பார். அவருக்குத் தர வேண்டிய சில ஆயிரங்களை மிச்சப்படுத்த நினைத்தது என் தவறு. அதை வேறு யார் தலையிலும் நான் கட்டவில்லை.

பிப்ரவரியிலும் மார்ச்சிலும் இருபத்துமூன்று நாட்கள் படப்பிடிப்பு. உப்பளத்தில் வெயில் ஏறுவதற்கு முன்பே பாதி வேலை முடிந்துவிடும் என்பதால் நாங்களும் விடியற்காலை மூன்று மணிக்கே பாத்தி வரப்பில் கேமராவோடு நின்றோம். ஒலியை அங்கேயே நேரடியாகப் பதிவு செய்தோம். பலகையால் உப்பை இழுக்கும்போது எழும் அந்தச் சரசரப்பை எந்த ஒலிக்கூடத்திலும் உண்டாக்க முடியாது. அன்றன்றைய டேட்டாவை ஸ்டுடியோ அனுப்பிய பையன் ஒருவன் மாலையில் லாட்ஜ் அறையில் உட்கார்ந்து இரண்டு ஹார்ட் டிஸ்கில் நகலெடுப்பான். அந்த இரண்டும் ஸ்டுடியோவின் டிஸ்குகள். மூன்றாவதாக எனக்கென்று ஒன்று வாங்க அப்போது என்னிடம் பணமில்லை. கடைசி நாளில் மொத்தம் ஏழு டி.பி. டேட்டாவை ஒரு மஞ்சள் பையில் போட்டு, பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு சென்னைக்குப் போனவனும் அந்தப் பையன்தான். நான் கை அசைத்து வழியனுப்பினேன்.

ஏப்ரலில் படத்தொகுப்பு தொடங்கியது. ஜூன் மாதமே அறை கிடைப்பது நின்றது. பெரிய படம் ஒன்று உள்ளே வந்துவிட்டது, அடுத்த வாரம் பாருங்கள் என்றார்கள். அடுத்த வாரம் என்பது தீபாவளி வரை நீண்டது. நவம்பரில் கோவாவில் நடக்கும் திரைப்படச் சந்தைக்கு அனுப்பக் கரடுவெட்டின் (முதற்கட்டத் தொகுப்பின்) இணைப்பையாவது கொடுங்கள் என்று கேட்டேன். திரையின் நடுவே தங்கள் பெயரைப் பெரிதாகப் பதித்து, பதினேழு நிமிடக் காட்சிகளை மட்டும் அனுப்பினார்கள். அது எதற்கும் உதவவில்லை. வெளிநாட்டு விழாக்களுக்கான காலமும் அப்படியே கழிந்தது. முதல் திரையிடல் உரிமையை எதிர்பார்க்கும் விழாக்களுக்குப் புதிய படம்தான் வேண்டும், எடுத்து முடித்து ஆறிப்போன படத்தை அவர்கள் தேட மாட்டார்கள் என்பதை இந்தத் துறையில் இருப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இதற்கிடையில், அந்தச் செப்டம்பரிலேயே இன்னொன்று தெரியவந்திருந்தது. ஒன்பதாம், பத்தாம் நாள் ஒலிக்கோப்புகளைக் காணோம். இரண்டு டிஸ்கிலும் அந்த நாட்களின் கோப்புறை இருக்கிறது, உள்ளே ஒன்றும் இல்லை. நகலெடுத்த பிறகு அது சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று மென்பொருள் வைத்துச் சரிபார்க்காமலேயே பதிவுக் கருவியின் மெமரி கார்டுகளை அழித்திருக்கிறார்கள். மகன் இறந்த செய்தியை அந்த அக்கா உப்பு அம்பாரத்தின் அடியில் நின்று கேட்கும் காட்சி பத்தாம் நாள் எடுத்தது. வேறு வழியில்லாமல் அவரை இரண்டு நாள் கூலியை இழக்கவைத்துச் சென்னைக்கு அழைத்து வந்து டப்பிங் பேசச் சொன்னோம். காதில் ஹெட்போனோடு முப்பது முறைக்கு மேல் முயன்றார். பிறகு அதைக் கழற்றி வைத்துவிட்டு, “அன்னைக்கு வெயில்ல வந்த பேச்சு இந்த ஏசி ரூம்புக்குள்ள எப்படித் தம்பி வரும்?” என்றார். அந்தக் காட்சி இப்போது படத்தில் வசனமில்லாமல் காற்றின் ஓசையோடு இருக்கிறது. பார்த்த சிலர் அதை இயக்குநரின் தேர்வு என்று பாராட்டுகிறார்கள். நான் மறுத்துப் பேசுவதில்லை.

2023 ஜனவரி கடைசி வாரம், அதாவது ஒப்பந்தத்தின் பதின்மூன்றாம் மாதம் தொடங்கிய சில நாட்களில், மின்னஞ்சலில் பில் வந்தது. படத்தொகுப்பு அறை வாடகை, டேட்டா பராமரிப்பு, பாதி முடிந்த டி.ஐ. எல்லாம் சேர்த்துப் பதினான்கு லட்சத்து அறுபதாயிரம். பதினெட்டு சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்துப் பதினேழு லட்சத்து இருபத்திரண்டாயிரத்து எண்ணூறு ரூபாய். காணாமல் போன ஒலிக்கோப்புகளைப் “பராமரித்ததற்கும்” அதில் கட்டணம் இருந்தது. பணம் வந்தால்தான் டிஸ்க் என்றார்கள். பிலிம் காலத்தில் பைனான்சியருக்கு லேப் லெட்டர் கொடுத்துவிட்டால், அவர் கடன் தீரும்வரை பிலிம் கழுவும் லேபிலிருந்து நெகட்டிவ் நகராது. அதையாவது கடன் வாங்கியவர் தெரிந்தே எழுதிக் கொடுத்தார். நான் ஸ்டுடியோவிடம் ஒரு ரூபாய்கூடக் கடன் வாங்காமலேயே அந்த லெட்டரை எழுதிக் கொடுத்திருக்கிறேன் என்பது அன்றுதான் புரிந்தது.

அதன் பிறகே வழக்கறிஞரிடம் போனேன். தாமதத்துக்குக் காரணமானவர்களே அந்தத் தாமதத்தைக் காட்டிப் பணம் கேட்க முடியாது என்று அவர் நோட்டீஸ் அனுப்பினார். நீதிமன்றத்தில் வெல்ல வாய்ப்பு உண்டு, ஆனால் வெல்லும்போது படத்துக்கு வயதாகியிருக்கும் என்பதையும் அவரே சொன்னார். துறையில் மூத்தவர் ஒருவர் நடுவில் நின்று பேசியதில், அந்த ஆண்டு டிசம்பரில் ஆறு லட்சம் கொடுத்து டிஸ்குகளையும் உரிமைகளையும் திரும்பப் பெற்றேன். டி.ஐ. வேலையை முதலிலிருந்து வேறு இடத்தில் செய்தோம். முன்பு செய்திருந்ததில் உப்பின் வெள்ளை முழுவதும் நீலம் பாரித்திருந்தது.

அவர்கள் முதல் நாளிலிருந்தே ஏமாற்றத் திட்டமிட்டார்கள் என்று நான் நம்பவில்லை. ஓ.டி.டி. நிறுவனங்கள் சிறு படங்களை வாங்கிக்கொண்டிருந்த நாட்களில் இப்படி ஏழெட்டுப் படங்களில் பங்கு வாங்கி வைத்திருக்கிறார்கள். அந்தச் சந்தை சுருங்கியதும், பங்கைக் கட்டணமாக மாற்றும் அந்த ஒற்றை வரியை எல்லோர் மீதும் பிரயோகித்திருக்கிறார்கள். என்னைப் போலவே மாட்டிக்கொண்ட இன்னும் இரண்டு இயக்குநர்களோடு பேசியிருக்கிறேன். அவர்களுடைய ஒப்பந்தத்திலும் அதே ஏழாம் பக்கம், அதே வரி.

எனவே பின்தயாரிப்புக்குப் பங்கு என்று யாராவது முன்வந்தால், காலக்கெடு எந்த நாளிலிருந்து தொடங்குகிறது என்பதை முதலில் பாருங்கள். அது முதல் பிரதி உங்கள் கைக்கு வரும் நாளாக இருக்க வேண்டும். மூலக் கோப்புகளின் ஒரு முழு நகல் படப்பிடிப்பின் ஒவ்வொரு நாளும் உங்கள் கைக்கு வந்தாக வேண்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். டிஸ்க் வாங்கப் பணமில்லை என்றால் படப்பிடிப்பில் ஒரு நாளைக் குறைத்தாவது வாங்குங்கள். தணிக்கை விண்ணப்பமும் தலைப்புப் பதிவும் உங்கள் பெயரில் இருக்கட்டும். என் ஒப்பந்தத்தின் நான்கு, ஏழு, எட்டாம் பக்கங்களைப் பெயர்களை மறைத்து நகலெடுத்து வைத்திருக்கிறேன். கையெழுத்திடும் நிலையில் இருப்பவர்கள் கேட்டால், கையெழுத்துக்கு முன்பே அனுப்பி வைக்கிறேன்.