வேஃபேரர் மாதிரி கூலிங் கிளாஸ்: இந்த விலைக்கு இது நல்ல ஃபிரேம்

மேலே அகன்று கீழே குறுகும் தடித்த ஃபிரேம்தான் வேஃபேரர். அந்த வடிவத்தில் கூலிங் கிளாஸ் விற்காத கடையே இல்லை, பிளாட்பாரத்தில்கூடக் கிடைக்கும், ஆனால் பெரும்பாலானவை நேரே பார்த்தால் மட்டும்தான் வேஃபேரர். பக்கவாட்டில் பார்த்தால் தட்டையாக இருக்கும். ஆன்லைனில் 1,900 ரூபாய்க்கு நான் வாங்கிய இது அந்த ரகம் இல்லை.

ரேமண்ட் ஸ்டெக்மன் 1952-ல் ரே-பான் என்ற கூலிங் கிளாஸ் கம்பெனிக்காக வடிவமைத்த அசல் வேஃபேரரில் ஃபிரேமின் மேல்விளிம்பு முன்னுக்குத் தள்ளியும் கீழ்விளிம்பு கன்னத்தை நோக்கி உள்ளே போயும் நல்ல சாய்வாக இருக்கும், அதுதான் அதன் மிடுக்கே. 2001-ல் கம்பெனியே அதைச் சின்னதாக்கி சாய்வையும் குறைத்தது, அப்புறம் 2007-ல் பழைய வடிவத்தைத் திரும்பக் கொண்டுவந்தது. நான் வாங்கியதைச் செய்தவர்கள் அந்தப் பழையதைத்தான் பார்த்துச் செய்திருக்கிறார்கள். சாய்வு அப்படியே இருக்கிறது, அதனால் தலைமேல் தூக்கி வைத்தால் சரியாக உட்காராது, அது அசலிலும் உள்ளதுதான்.

ஃபிரேம் அசிடேட், அதாவது செல்லுலோஸிலிருந்து செய்யும் ஒருவகைப் பிளாஸ்டிக். அச்சில் வார்த்த பிளாஸ்டிக் இல்லை, தகட்டிலிருந்து வெட்டி மெருகேற்றியது, கையில் எடுத்ததுமே கனம் தெரிகிறது. ஆமையோட்டு நிறத்தை வெயிலில் பிடித்துப் பார்த்தால் தேன் நிறத் திட்டுகள் மேலோட்டமாக இல்லாமல் உள்வரை ஓடுவது தெரியும், விளிம்பில் வெட்டுத் தடம் ஒன்றுகூட இல்லை. முன்பக்க மூலைகளில் இருக்கும் வெள்ளி ரிவெட் மட்டும் வெறும் அலங்காரம், பழைய ஃபிரேம்களில் கீலைப் பிடித்து வைத்திருந்ததே அந்த ரிவெட்தான். இங்கே மேலே ஒட்டியிருக்கிறார்கள், அது எனக்குப் பிடிக்கவில்லை.

லென்ஸ்தான் நான் அதிகம் கவனித்தது. சாம்பல் கலந்த பச்சை, ரே-பானின் ஜி-15 போன்ற சாயல். ஜி-15 என்றால் சுமார் 15 சதவீத வெளிச்சத்தை மட்டும் உள்ளே விடும் லென்ஸ், நிறங்களை அதிகம் மாற்றாது. இதிலும் வண்டி ஓட்டும்போது சிக்னலின் சிவப்பும் பச்சையும் தெளிவாகத் தெரிகின்றன. உள்பக்கம் யுவி 400 (புற ஊதாக் கதிரைத் தடுக்கும்) என்றும் கேட்டகரி 3 (நல்ல வெயிலுக்கான கறுப்பு அளவு) என்றும் அச்சிட்டிருக்கிறது, ஆனாலும் அச்சை மட்டும் நம்பாமல் யுவி மீட்டர் உள்ள ஆப்டிகல்ஸ் கடையில் கொடுத்துச் சோதித்தேன், சரியாகவே இருந்தது. எல்லோருமே இதைச் செய்ய வேண்டும். லென்ஸ் கறுப்பாக இருப்பது வேறு, புற ஊதாக் கதிரைத் தடுப்பது வேறு. தடுக்காத கறுப்பு லென்ஸைப் போட்டால் இருட்டுக்குக் கண்மணி விரிந்து அந்தக் கதிர் கூடுதலாக உள்ளே போகும், குழந்தைகளுக்குத் திருவிழாக் கடையில் வாங்கிக் கொடுப்பவர்கள் தயவுசெய்து இதை யோசியுங்கள்.

குறை மூக்கில். தனி நோஸ் பேட் கிடையாது, ஃபிரேமிலேயே சேர்ந்த மேடுதான், மூக்குத்தண்டு தாழ்வாக இருப்பவர்களுக்கு வியர்த்தால் வழுக்கும், எனக்கும் சென்னை வெயிலில் வழுக்கியது. அசிடேட் என்பதால் கடையில் ஹீட்டரில் காட்டிக் காதுக்குப் பின்னால் வருகிற வளைவைக் கொஞ்சம் அழுத்திக் கொடுத்தார்கள், இப்போது நிற்கிறது. வாங்கினால் முதலில் இதைச் செய்துகொள்ளுங்கள். வியர்வையோடு அப்படியே வைத்தால் அசிடேட் வெளுத்துப்போகும், வீட்டுக்கு வந்ததும் தண்ணீரில் கழுவித் துடைத்துவிடுங்கள், காரின் டாஷ்போர்டில் மட்டும் வைக்கவே வேண்டாம், சூட்டில் வளைந்துவிடும்.